சொத்தைப் பல் முதல் இம்ப்ளான்ட் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழுள்ள பதில்களில் பெரும்பாலானவை ஒரே பல்லைச் சுற்றி வருகின்றன: கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல். ஆறு வயதையொட்டி, பால்பற்களுக்குப் பின்னால் இது முளைக்கிறது. இதற்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. அதனால் இதுவும் பால்பல்தான், விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் வேறு. நிரந்தரப் பற்களில் முதலில் சொத்தையாவதும், முதலில் பிடுங்கப்படுவதும் பெரும்பாலும் இதுதான். சிறு குழியில் தொடங்கி காலி இடம் வரை இந்தப் பல் போகும் பாதையில் எல்லாச் சிகிச்சைகளும் வந்துவிடுகின்றன.

பல்லில் கறுப்பாகத் தெரிகிறது, வலி இல்லை. அடைக்க வேண்டுமா?

கறுப்பெல்லாம் சொத்தை அல்ல. டீ, காபி, வெற்றிலைக் கறை பள்ளங்களில் படிந்து அப்படியே பல வருடம் இருக்கும். அதைச் சுரண்டி அடைக்கத் தேவையில்லை. மறுபக்கம், வலி இல்லை என்பதும் நிம்மதிக்குக் காரணமாகாது. எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. சொத்தை எனாமலைத் தாண்டி, அதற்கு அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்குக்குள் பரவி, நரம்பு இருக்கும் கூழை நெருங்கும்போதுதான் பல் பேச ஆரம்பிக்கும்.

குழி விழாமல் வெள்ளைத் திட்டாக இருக்கும் நிலையில் ஃப்ளோரைடு வார்னிஷ், 1000 முதல் 1500 பிபிஎம் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், இனிப்பைச் சாப்பாட்டு நேரத்தோடு நிறுத்திக்கொள்வது ஆகியவற்றால் அதை மீட்க முடியும். குழி விழுந்துவிட்டால் அடைத்தே ஆக வேண்டும். இரண்டு பற்கள் ஒட்டும் இடத்தில் தொடங்கும் சொத்தை கண்ணாடியில் தெரியாது. பல் கடித்துப் பிடிக்கும் சிறு எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

வெள்ளை ஃபில்லிங், வெள்ளி ஃபில்லிங், சிமென்ட். எதைப் போட்டுக்கொள்வது?

வெள்ளிக் கலவையில் பாதியளவு பாதரசம். நல்ல உழைப்பு உழைக்கும், ஈரத்தையும் தாங்கும். ஆனால் பாதரசக் கழிவைக் குறைக்கும் 2013-ம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலகெங்கும் இதன் பயன்பாடு சுருங்கிவருகிறது. வாயில் ஏற்கெனவே நன்றாக இருக்கும் வெள்ளி ஃபில்லிங்கை பயந்துபோய் எடுக்க வேண்டாம். எடுக்கும்போதுதான் நல்ல பல்லும் கூடச் சேர்ந்து போகிறது.

காம்போசிட் என்ற வெள்ளைப் பொருள் பல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் ஒட்டும் வேலை துல்லியமானது. பல்லில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 15 முதல் 30 வினாடி தடவி, கழுவி, பசை பூசி, பொருளை 2 மி.மீ. அடுக்கு அடுக்காக வைத்து ஒவ்வொன்றையும் நீல ஒளியில் சுமார் 20 வினாடி இறுக வைக்கிறார்கள். இடையில் எச்சிலோ ரத்தமோ பட்டால் ஒட்டு கெட்டுவிடும். அதனால்தான் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் ஷீட்டை மாட்டுகிறார்கள். மூச்சு முட்டுமோ என்று பயந்து அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மூக்கால் மூச்சு விடலாம், தண்ணீரும் தொண்டைக்குள் போகாது.

கிளாஸ் அயனோமர் சிமென்ட் ஈறோரக் குழிகளுக்கும் குழந்தைகளின் பற்களுக்கும் ஏற்றது. ஃப்ளோரைடு வெளிவிடும், ஆனால் கடினமாகக் கடிக்கும் இடத்தில் சீக்கிரம் தேயும்.

நேற்று அடைத்தார்கள். இன்று கடித்தால் சுருக்கென்கிறது. ஏன்?

மரத்துப்போன வாயோடு யாராலும் இயல்பாகக் கடிக்க முடியாது. ஃபில்லிங் கொஞ்சம் உயரமாக நின்றுவிட்டால் ஒவ்வொரு கடியிலும் அந்த ஒரு பல் மட்டும் முதலில் இடிபடும். மறுபடி போனால் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, சாயம் அழுத்தமாகப் பதிந்த இடத்தை ராவிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. தானாகத் தேய்ந்துவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

குளிர்ச்சிக்கு மட்டும் கூச்சம் என்றால் இரண்டு, மூன்று வாரத்தில் அடங்கும். நாளுக்கு நாள் கூடினாலோ ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தாலோ அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

இன்னொரு இடத்தில் ஃபில்லிங் போதும் என்றார்கள், இங்கே ரூட் கேனால் என்கிறார்கள். யாரை நம்புவது?

வலியின் குணமே பாதிப் பதில் சொல்லும். குளிர்ந்த நீர் பட்டவுடன் வலித்து, நீரை விழுங்கிய சில வினாடியில் மறைந்தால் கூழ் பிழைக்க வாய்ப்புண்டு. வலி நிமிடக்கணக்கில் நீடித்தால், எதுவும் படாமலே வந்தால், படுத்தால் கூடினால், சூட்டுக்குத் துடித்து ஐஸ் வைத்தால் தணிந்தால், கூழ் மீளாத கட்டத்தில் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு வேரை அடைக்கும் ரூட் கேனால் தேவைப்படும். இதோடு குளிர்ச்சிச் சோதனை, தட்டிப் பார்ப்பது, வேர் நுனி வரை தெரியும் எக்ஸ்ரே ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

ஒரு எச்சரிக்கை. பல நாள் துடித்த வலி ஒரு காலையில் திடீரென்று நின்றால் அது குணமான அறிகுறி அல்ல. கூழ் இறந்துவிட்டது. கிருமிகள் வேர் நுனி வழியாக எலும்புக்குள் போகும், சில வாரமோ மாதமோ கழித்து சீழோடும் வீக்கத்தோடும் திரும்பி வரும்.

கிராம்பு எண்ணெயும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் போதாதா?

கிராம்பில் உள்ள யூஜெனால் உண்மையிலேயே வலியை மட்டுப்படுத்தும். பஞ்சில் ஒரு துளி நனைத்துக் குழிக்குள் வைத்தால் ஓரிரவு தாங்கலாம். பாட்டிலைக் கவிழ்த்து ஈறில் ஊற்றினால் வெந்து புண்ணாகும். வலிமாத்திரையை ஈறில் ஒதுக்கி வைப்பது இன்னும் மோசம்.

இறந்த கூழுக்கு ரத்த ஓட்டமே கிடையாது, அதனால் ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேராது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால்தான் அதற்கு வேலை, அப்போதும் மூலத்தை அகற்றும் சிகிச்சையோடு சேர்த்துத்தான். வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கினால், வாய் திறக்க முடியாவிட்டால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால், கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அன்றே போங்கள். மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய தொற்று அது.

ரூட் கேனாலில் சரியாக என்னதான் செய்கிறார்கள்?

கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர்கள். அவற்றுக்குள் பெரும்பாலும் மூன்று குழாய்கள், சிலருக்கு நான்கு. பல்லின் மேலே திறந்து, கூழை எடுத்து, ஒவ்வொரு குழாயின் நீளத்தையும் மின் கருவியாலும் எக்ஸ்ரேயாலும் அளக்கிறார்கள். மொத்தப் பல்லின் நீளம் 21 மி.மீ. அளவில்தான் இருக்கும். வேர் நுனிக்கு அரை முதல் ஒரு மி.மீ. முன்பாக நிறுத்த வேண்டும். தாண்டினால் எலும்பு புண்படும், குறைந்தால் கிருமி மிஞ்சும்.

ஃபைல் என்ற நுண்ணிய ஊசிகள் குழாயை அகலப்படுத்துகின்றன. கிருமியைக் கொல்வது அவற்றைவிடவும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்தான். குழாயின் கிளைகளுக்குள் ஊசி போகாது, திரவம் போகும். கடைசியில் குட்டா பெர்ச்சா என்ற பொருளால் நுனி வரை அடைக்கிறார்கள். தென்கிழக்காசிய மரத்துப் பாலில் இருந்து வருவது அது. சீழ் இல்லாத பல்லை ஒரே அமர்வில் முடிக்கலாம். கசிவு நிற்காவிட்டால் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து ஒன்றிரண்டு வாரம் கழித்து முடிப்பார்கள். இடையில் நின்றுவிடுவதுதான் ஆபத்து. தற்காலிக சிமென்ட் சில வாரங்களில் கசியத் தொடங்கும், சுத்தம் செய்த குழாய்க்குள் எச்சில் இறங்கி வேலை முதலிலிருந்து தொடங்கும்.

தோல்விக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று தவறவிட்ட குழாய். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் முன்வேருக்குள் ஒளிந்திருக்கும் நான்காவது குழாய் பெயர் பெற்றது. உருப்பெருக்கிக் கண்ணாடியோ மைக்ராஸ்கோப்போ வைத்துத் தேடினால்தான் பல நேரம் அகப்படும். ஃபைல் உள்ளே உடைவதும் நடக்கும். குழாய் சுத்தமான பிறகு கடைசிக் கட்டத்தில் உடைந்திருந்தால் அதை விட்டே அடைத்துக் கவனிக்கலாம். ஆனால் அதை நோயாளியிடம் சொல்லி, குறிப்பில் எழுத வேண்டும்.

மரத்துப்போக ஊசி போட்டும் வலித்தது. எனக்கு ஊசி ஏறாதா?

உங்கள் உடம்பில் குறையில்லை. கீழ்க் கடைவாய்ப் பகுதியின் எலும்பு கெட்டி என்பதால் ஈறில் போடும் ஊசி ஊடுருவாது. தாடையின் பின்பக்கம் நரம்பு நுழையும் இடத்தில் போட வேண்டும். கூழ் கடுமையாக அழன்றிருந்தால் உதடு மரத்தும் பல் மட்டும் விழித்திருக்கும். பல்லைச் சுற்றியுள்ள தசைநாரிலோ நேரே கூழிலோ கூடுதல் ஊசி போட்டால் அடங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், கையைத் தூக்குங்கள்.

ரூட் கேனாலுக்குப் பிறகு கேப் கட்டாயமா?

கடைவாய்ப் பல் என்றால் அநேகமாக ஆம். சொத்தையும் திறப்பும் சேர்ந்து பல்லின் கூரையையும் பக்கத் தடுப்பையும் எடுத்துவிட்டன. மிச்சமிருக்கும் சுவர்கள் கடிக்கும்போது வெளிப்பக்கமாக வளைகின்றன. ஒரு நாள் முறுக்கிலோ கரும்பிலோ ஆப்பு அடித்த விறகு மாதிரி பிளந்துவிடும். பிளவு வேர் வரை இறங்கினால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. செலவு செய்த ரூட் கேனாலும் அதோடு போகும். சின்னத் திறப்போடு நன்றாக இருக்கும் முன்பல்லுக்கு வெறும் ஃபில்லிங்கே போதும்.

கேப் நிலைக்க ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. நல்ல பல் சுவர் வேண்டும். அது இல்லாத பல்லில் வேருக்குள் கம்பி நட்டு மேலே கட்டினால் பல் பலப்படும் என்று நினைக்கிறார்கள். கம்பி மேல்கட்டைத் தாங்கிப் பிடிக்குமே தவிர வேருக்குப் பலம் தராது. சுவர் போதாத பல்லுக்கு, பணம் வாங்கும் முன்பே அதைச் சொல்வதுதான் முறை.

மெட்டல், செராமிக், ஸிர்கோனியா. எந்தக் கேப்?

முழு உலோகக் கேப்புக்குப் பல்லைக் குறைவாக ராவினால் போதும், உடையாது. கண்ணில் படாத கடைசிப் பல்லுக்கு இன்றும் நல்ல தேர்வு, விலையும் குறைவு. உலோகத்தின் மேல் செராமிக் பூசியதற்கு 1.5 முதல் 2 மி.மீ. வரை ராவ வேண்டும். செராமிக் சில்லு பெயரலாம், வருடம் போகப் போக ஈறோரம் சாம்பல் கோடு தெரியலாம். ஒரே கட்டியில் செதுக்கிய ஸிர்கோனியா கடைவாய்க்கு உறுதியானது. ஒரு நிபந்தனை: வாயில் வைத்த பின் உயரம் குறைக்க ராவினால் அந்த இடத்தைத் திரும்பப் பளபளப்பாக்க வேண்டும். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லைத் தின்றுவிடும்.

ஒட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையே ஃப்ளாஸ் நூல் லேசான இறுக்கத்தோடு 'டக்'கென்று இறங்க வேண்டும். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் இறைச்சி நாரும் கீரையும் தினமும் சிக்கும், ஈறு வீங்கும், பக்கத்துப் பல் சொத்தையாகும். அப்போதே லேபுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு சரிசெய்ய கேப்பை அறுத்தாக வேண்டும்.

கேப் கழன்று கையில் வந்துவிட்டது.

கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளுக்குள் போங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டவே கூடாது. அது ஈறைச் சுடும், கேப்பைத் தவறான நிலையில் இறுக்கிவிடும், பிறகு சரியாக ஒட்ட முடியாது. உள்ளே சொத்தை இல்லாவிட்டால் சுத்தம் செய்து அதே கேப்பை ஒட்டிவிடலாம். கேப்புக்குள் உடைந்த பல்லும் சேர்ந்து வந்திருந்தால் கதை வேறு.

பல்லைப் பிடுங்கியாயிற்று. காலியாகவே விட்டால் என்ன?

கடைசி ஞானப்பல் என்றால் ஒன்றும் ஆகாது. முதல் கடைவாய்ப் பல் என்றால் பின்னாலுள்ள பல் முன்பக்கம் சாயும், எதிரே மேலுள்ள பல் கீழிறங்கும், சந்துகளில் உணவு தங்கும். பிடுங்கிய இடத்து எலும்பின் அகலம் முதல் ஆறு மாதங்களில்தான் அதிகமாகக் குறைகிறது. ஐந்து வருடம் கழித்து வருபவருக்கு இடமும் எலும்பும் இரண்டும் போதாமல் போவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். எல்லாருக்கும் உடனே பல் கட்டியே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் விடுவதென்றால் எக்ஸ்ரே எடுத்துக் கேட்டுவிட்டு விடுங்கள்.

பிரிட்ஜா, இம்ப்ளான்டா?

பிரிட்ஜ் என்பது காலி இடத்தின் இருபக்கப் பற்களிலும் கேப் மாட்டி, நடுவில் ஒரு செயற்கைப் பல்லைத் தொங்கவிடுவது. அதற்கு அந்த இரண்டு பற்களையும் கேப் அளவுக்கு ராவ வேண்டும். அந்தப் பற்களில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோ ரூட் கேனாலோ இருந்தால் பிரிட்ஜ் நியாயமான தேர்வு. இரண்டு வாரத்தில் வேலை முடியும். சொத்தையே இல்லாத இரண்டு பற்களை ஒரு பல்லுக்காக வெட்டுவதை, வேறு வழி இருக்கும்போது நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பிரிட்ஜின் மறைவான ஆபத்து, ஒரு பக்கம் ஒட்டு விட்டாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருப்பதுதான். தளர்ந்த கேப்புக்குள் சத்தமில்லாமல் பல் கரையும். கடிக்கும்போது ஓரத்தில் குமிழியோ கெட்ட சுவையோ வந்தால் உடனே காட்டுங்கள். நடுப்பல்லுக்கு அடியில் விறைப்பான முனையுள்ள ஃப்ளாஸை நுழைத்துத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

இம்ப்ளான்ட் வைப்பது எப்படி? ஏன் மாதக்கணக்கில் ஆகிறது?

டைட்டானியத்தோடு எலும்பு பிணைந்து வளரும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானெமார்க் 1950-களில் முயல் எலும்பு ஆய்வின்போது கவனித்தார். 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். இன்றும் அடிப்படை அதுவே. எலும்புக்குள் போகும் திருகு, அதன் மேல் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு, அதைப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூ, மேலே கேப்.

முதலில் முப்பரிமாண ஸ்கேன். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. திருகின் நுனிக்கும் அதற்கும் குறைந்தது 2 மி.மீ. இடைவெளி வேண்டும். பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். இதைத் தவறினால் உதடு மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாக, மரத்தே இருக்கும். துளையிடும்போது எலும்பு 47 டிகிரி சூட்டை ஒரு நிமிடம் தாங்கினாலே செத்துவிடும். ஆகவே குளிர்ந்த சலைனை ஊற்றிக்கொண்டே, மெல்லிய டிரில்லில் தொடங்கி படிப்படியாக அகலப்படுத்துகிறார்கள். ஒரு கடைவாய்ப் பல்லுக்குச் சுமார் 4 முதல் 5 மி.மீ. அகலமும் 8 முதல் 12 மி.மீ. நீளமும் உள்ள திருகு வழக்கம். எலும்பு பிணைய கீழ்த்தாடையில் இரண்டு முதல் மூன்று மாதம். மேல்தாடை எலும்பு மென்மையானது, அங்கே நான்கு முதல் ஆறு மாதம். 'மூன்றே நாளில் பல்' என்ற விளம்பரம் சிலருக்கு, சில எலும்புக்கு மட்டும் பொருந்தும்.

இம்ப்ளான்டில் சொத்தை வராது, ஆனால் ஈறுநோய் வரும். வலியே இல்லாமல் சுற்றியுள்ள எலும்பு கரையும். துலக்கும்போது ரத்தம் வருவதே முதல் அறிகுறி. ஆறு மாதத்துக்கொருமுறை காட்டுங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இம்ப்ளான்ட் வைக்கலாமா?

கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-க்கு மேல் இருந்தால் பலரும் தள்ளிப்போடச் சொல்வார்கள், புண் ஆறுவது தாமதமாகும். புகைப்பவர்களுக்குத் தோல்வி கூடுதல். எலும்புத் தேய்வுக்காக வாராந்திர அலென்ட்ரோனேட் மாத்திரையோ, வருடத்துக்கு ஒரு முறை ஸோலெட்ரானிக் அமில ஊசியோ போடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பல் பிடுங்குவதற்கு முன்பும் சொல்ல வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தாடை வளர்ச்சி முடியாத பதின்ம வயதினருக்கு இம்ப்ளான்ட் வைப்பதில்லை. மேல் வயது வரம்பு கிடையாது.

அம்மாவுக்குப் பல்செட் வைத்தோம். கீழ்செட் ஆடுகிறது, புண்ணாகிறது.

மேல்செட் அண்ணத்தைப் பற்றி நிற்கும். கீழ்செட்டுக்கு அந்தப் பரப்பு இல்லை, நாக்கும் தள்ளும். அதனால் முதல் சில வாரம் மெத்தென்ற உணவை இரண்டு பக்கமும் வைத்து மெல்லப் பழக வேண்டும். புண் வந்தால் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மருத்துவரிடம் போகிறார்கள், அங்கே சிவப்பு மறைந்திருக்கும். போவதற்கு முன் சில மணி நேரம் மாட்டிக்கொண்டு போங்கள், அழுத்தும் இடம் தெளிவாகத் தெரியும். பிளேடால் நீங்களே சுரண்ட வேண்டாம்.

இரவில் கழற்றிச் சாதாரண நீரில் போட வேண்டும். வெந்நீரில் அக்ரிலிக் வளையும். பேஸ்ட் கீறல் போடும், சோப்பும் மென்மையான பிரஷும் போதும். வாளியில் பாதி நீர் வைத்து அதன் மேல் கழுவினால் கை நழுவினாலும் உடையாது. எலும்பு தேயத் தேய உட்புறத்தை நிரப்பிச் சரிசெய்ய வேண்டிவரும். எவ்வளவு செய்தும் கீழ்செட் நிற்காவிட்டால் முன்பக்கம் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதில் செட்டைக் கொக்கியாக மாட்டலாம். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்ப்பற்கள் முழுவதும் இல்லாதவர்களுக்கு இதையே முதல் தேர்வாகச் சொன்னார்கள்.

அடிபட்டுக் குழந்தையின் முன்பல் முழுதாக விழுந்துவிட்டது!

நிரந்தரப் பல் என்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் பட்டிருந்தால் பாலிலோ குழாய்த் தண்ணீரிலோ சில வினாடி அலசி, அதே குழியில் திருப்பி வைத்து கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு ஓடுங்கள், தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் வைத்தால் நல்ல வாய்ப்பு. பால்பல்லைத் திருப்பி வைக்கவே கூடாது, அடியிலுள்ள நிரந்தரப் பல்லின் மொட்டு கெடும்.

விழப்போகிற பால்பல்லுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

முன்பற்கள் ஏழு வயதில் விழும். பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டும். முன்கூட்டியே போனால் இடம் அடைபட்டு நிரந்தரப் பல் கோணலாக வரும். பெரிய சொத்தைக்கு, ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்டீல் கேப் ஒரே நாளில் மாட்டலாம்.

செலவைக் குறைக்க எங்கே போகலாம்? என்ன ரசீது வாங்க வேண்டும்?

1953-ல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் மற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் செலவு மிகக் குறைவு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், கட்டணம் கிளினிக்கைவிடக் குறையும், நேரம் கூடுதலாகப் பிடிக்கும். எங்கே போனாலும் மாநில பல் மருத்துவ கவுன்சில் பதிவெண் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரூட் கேனால் என்றால் தொடக்க, முடிவு எக்ஸ்ரே இரண்டின் நகல். ஸிர்கோனியா கேப் என்றால் லேப் தரும் உத்தரவாத அட்டை. இம்ப்ளான்ட் என்றால் பாக்கெட்டோடு வரும் ஸ்டிக்கர்: கம்பெனி பெயர், மாடல், அகலம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஸ்க்ரூ தளர்ந்தால், எந்த ஸ்க்ரூடிரைவர் பொருந்தும் என்பதை அங்குள்ள மருத்துவர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்.